தாங்கள் ஒரு நாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. சனிக்கிழமை அரங்கத்தில் எல்லோரும் சிரித்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. காதாலும் கேட்கவில்லை. நான் இருந்தது அரங்கத்தின் கடைசியில், பிளைவுட் அடித்த ஒரு பெட்டிக்குள். காதில் பெரிய ஹெட்போன். எதிரே சின்ன டிவி, அதில் மேடை மட்டும் தெரியும். சிரித்தார்கள் என்பது சவுண்டு பார்க்கும் இருதயராஜ் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அதனால் அவர் சொன்னதில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். நான் பை போட்டு இடம் பிடித்திருந்தேன்தான், அதனாலென்ன. மேட்டுப்பாளையம் வரைக்கும்தானே.

கோத்தகிரியில் என்ன வேலை என்று கேட்டீர்களே. கோடைக் கலை விழா. பத்து நாள். காலையில் கச்சேரி, மாலையில் நாடகம், கடைசி இரண்டு நாளும் ஓபரா. சென்னையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்திருந்தார்கள். வந்த அரை மணி நேரத்தில் குளிருக்குப் பயந்து குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டார்கள். ரசனை உள்ளவர்கள். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் போதும், பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். அவரை மதிக்காமல் இல்லை. வாசிப்பு கேன்டீன் வரைக்கும் கேட்கும் என்ற நம்பிக்கை.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை அக்கா, வேலைக்குப் போனேன். ஓபரா என்றால் பாட்டாகவே நடக்கிற நாடகம். ‘கதவைச் சாத்து’ என்பதையே ஐந்து நிமிடம் பாடுவார்கள், கதவு கடைசி வரைக்கும் திறந்தே இருக்கும். இத்தாலியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அவர்கள் பாடப் பாட, மேடைக்கு மேலே ஒரு வெள்ளைத் திரையில் அர்த்தம் தமிழில் வர வேண்டும். போன வருடம் ஆங்கிலத்தில் போட்டார்களாம். ஒரு பெரிய அதிகாரி வந்து ‘தமிழ் எங்கே’ என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே விழாக் குழுவுக்குத் தமிழ்ப்பற்று வந்துவிட்டது. தமிழில் எழுத ஒரு ஆள், ஒவ்வொரு வரிக்கும் பட்டனைத் தட்ட ஒரு ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். இரண்டு ஆளும் நான்தான்.

எனக்கு ஊர் அன்னூர் பக்கம். பெயர் ரேணுப்ரியா. அம்மா ஸ்பின்னிங் மில்லில் இருக்கிறார். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். தெருவிலேயே முதல் ஆள் என்றும் சொல்லலாம், ஆனால் மூன்றாவது வீட்டுப் பையன் ஒரு வருடம் போய்விட்டு நின்றுவிட்டான், அதனால் சொல்லமாட்டேன். எம்.ஏ. ஆங்கிலம். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். மார்க் எல்லாம் போதும், ஆனால் ‘ஒரு முழு நூலையாவது மொழிபெயர்த்ததற்கான அனுபவச் சான்று’ கட்டாயம் இணைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம். யாரோ நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சான்றுக் கடிதத்துக்காகத்தான் மலையேறினேன். விழாத் தலைவர் கோதண்டபாணி சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். எஸ்டேட் வைத்திருந்தவர், பெரிய மனிதர். ‘முதல்ல வேலைய முடிம்மா, லெட்டர் எங்க போயிடப் போறது’ என்று சொன்னார். எங்கே போய்விடுமோ என்ற பயம்தான் எனக்கு. பயம் என்று சொல்லக்கூடாது. எனக்குப் பயமெல்லாம் கிடையாது அக்கா. ஒரு ஜாக்கிரதை.

கதை இதுதான். ஒரு பிரபு. அவர் வீட்டில் துணி துவைக்கும் பெண், நெல்லா. பிரபுவின் மகன் யுத்தத்துக்குப் போக வேண்டிய முறை வருகிறது. அவனுக்குப் பதிலாக நெல்லாவின் தம்பியை அனுப்பிவிடுகிறார் பிரபு. தம்பி செத்துப்போகிறான். கடைசி அங்கத்தில் நெல்லா, பிரபு விருந்து சாப்பிடுகிற இடத்துக்கு ஈரக் கையோடு வந்து நின்று சாபம் விடுகிறாள். அவ்வளவுதான் கதை. இதற்கு மூன்று மணி நேரம்.

எனக்குக் கொடுத்தது ஆங்கிலப் புத்தகம். ஆங்கிலத்தில் ஒரு சௌகரியம், எல்லோருக்கும் ஒரே ‘யூ’. கடவுளுக்கும் யூ, கழுதைக்கும் யூ. தமிழில் அப்படி முடியாதே. நீயா, நீங்களா, தாங்களா? ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டும். பிரபு நெல்லாவிடம் பேசுவதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ‘ஏய், இங்கே வா’, ‘நீ போ’, ‘உன் தம்பி எங்கே’. கடகடவென்று எழுதிவிட்டேன், அகராதியே எடுக்கவில்லை. நெல்லா பிரபுவிடம் பேசுவதிலும் சந்தேகம் வரவில்லை. துணி துவைக்கிற பெண் பிரபுவை வேறு எப்படிக் கூப்பிடுவாள்? தாங்கள் என்று போட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவள் நான். தெருவிளக்கு, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், சாக்கடை, எல்லாம். ‘ஐயா, தங்களைப் பணிந்து வேண்டிக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்கினால் கை தானாக ஓடும். நூறு மனுவுக்கு மேல் எழுதியிருப்பேன். ஆறு தெருவிளக்கு வந்திருக்கிறது. இரண்டு எரியும். பெரிய இடத்தில் இருக்கிறவர்களிடம் பேச எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான். பெரியவர்களிடம் பேசுவதற்கென்றே அந்தத் தமிழை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆங்கிலத்தில் சாபம் இப்படி இருந்தது: நீ ஒரு நாய், உன் கண்ணை மூட ஒரு கையும் இல்லாமல் நீ சாகும்படி நான் கடவுளை வேண்டுகிறேன். நான் என்ன எழுதினேன் என்றால்:

‘தாங்கள் ஒரு நாய். தங்கள் கண்களை மூட ஒரு கைகூட இல்லாமல் தாங்கள் இறக்குமாறு வேண்டுகிறேன்.’

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

சனிக்கிழமை முதல் நாள். நெல்லாவாகப் பாடிய அம்மாவின் பெயர் சில்வியா. ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். மேடையில் வந்து நின்றாலே பிரபு பாவமாகத் தெரிவார். கடைசி அங்கம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. அந்த வரி வந்தது, பட்டனைத் தட்டினேன். டிவியில் பார்க்கிறேன், சில்வியா பாடிக்கொண்டே குனிந்து தன் உடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். எங்கேயோ கிழிந்துவிட்டது என்று நினைத்தாராம். பிரபுவும் தன் உடுப்பைத் தடவிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அடுத்த வரியைத் தட்டினேன். அதுவும் ‘தாங்கள்’தான்.

முடிந்த பிறகு இருதயராஜ் அண்ணன் பெட்டிக்குள் தலையை நீட்டினார்.

“ஏனுங்க அம்மிணி, என்னத்த எழுதி வெச்சீங்க?”

“என்னங்கண்ணா, எழுத்து ஓடலீங்களா?”

“எழுத்து நல்லாத்தான் ஓடுச்சு. ஜனந்தான் உருண்டு ஓடுச்சு. முன்னால எட்டு வரிசையும் அப்படிச் சிரிக்குது. ஒரு பெரியவர் பல்செட்டு கழண்டு மடியில விழுந்துருச்சுங்க.”

பல்செட் விஷயத்தை நான் கழித்துவிட்டேன். முன்வரிசை சிரித்தது என்பது உண்மை, மற்றவர்களும் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார் அவர். பின்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அங்கே டிக்கெட் விற்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் காலி நாற்காலியைப் பார்த்து வருத்தப்படக்கூடாது என்று பக்கத்து எஸ்டேட்டில் இலை பறிக்கிற பெண்களை வேன் வைத்துக் கூட்டி வந்து உட்காரவைத்திருந்தார்கள். ‘பொம்பளைங்க எல்லாம் அப்படியே திரையப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்க, ஒருத்தி முந்தானைய வாயில வெச்சிருந்தா’ என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்துத் தெரிந்திருக்காது, பாவம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து தலைவர் வந்தார். பெட்டிக்குள் இடம் இல்லை, வாசலிலேயே நின்றார்.

“ஏம்மா, அவ சாபம் குடுக்கறாளா, விண்ணப்பம் குடுக்கறாளா?”

“சாபந்தாங்க சார்.”

“கீழ ‘இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள’னு ஒண்ணுதான் பாக்கி. நாய்னு திட்டறச்சே யாராவது தாங்கள்னு சொல்லுவாளா?”

“எங்க பக்கம் சொல்லுவாங்க சார்.”

“என்ன பக்கம்மா அது? நாய்க்கு மரியாதை குடுக்கற பக்கம்.” பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். “நாளைக்கு முழுக்க ‘நீ’ வரணும். ‘அடே’ போடு. ‘நாதியத்து’னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ, நன்னா இருக்கும். நாளைக்குச் சரியா வந்தா லெட்டர். வரலைனா நான் என்னனு எழுதறது, நீயே சொல்லு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘தங்கள் யோசனைக்கு நன்றிங்க சார்’ என்றேன். பயத்தில் இல்லை. யோசனைக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம்.

வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா.

மறுநாள் காலையில் உள்ளே கச்சேரி. நான் கேன்டீனில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். ‘தங்கள்’ வருகிற இடத்திலெல்லாம் ‘உன்’ போடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். ஒரு நொடியில் போட்டுவிட்டது. பார்த்தால், ‘பாதங்கள்’ என்று இருந்ததெல்லாம் ‘பாஉன்’ ஆகியிருக்கிறது. ‘முத்தங்கள்’ ‘முத்உன்’. ‘யுத்தங்கள்’ ‘யுத்உன்’. இரண்டாம் அங்கத்தில் ஒரு காதலன் ஆயிரம் முத்உன் கேட்கிறான். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றத் தொடங்கினேன். மற்றதெல்லாம் வந்தது. அந்த ஒரு வரி வரவில்லை.

தனி ஆவர்த்தனம் தொடங்கியிருக்க வேண்டும், கூட்டம் கேன்டீனுக்கு வந்துவிட்டது. கூடவே இருதயராஜ் அண்ணனும்.

“வாயில சொல்லிப் பாருங்க. வாயில வந்தா கையில வந்துரும். என்னையத் திட்டுங்க, பரவால்ல.”

“நாயே.”

“கேக்கல.”

“நாயேங்க.”

“அம்மிணி, ‘ங்க’ எதுக்குங்க அதுல?”

“தெரியலீங்கண்ணா, தானா வருது.”

“நீங்க யாரையுமே வாடா போடான்னு சொன்னதில்லீங்களா?”

“தம்பியச் சொல்லுவேன்.”

“அப்ப அவனை நெனச்சுட்டு எழுதுங்க.”

நினைத்தேன். என் தம்பி பிளஸ் டூ படிக்கிறான், சாப்பிட்ட தட்டைக் கழுவமாட்டான். ‘அடே நாயே, நீ சாவாய்’ என்று எழுதினால், படிக்கிறவர்களுக்குத் தட்டுக் கழுவாததற்குத் திட்டுகிற மாதிரி இருந்தது. அழித்தேன். மில்லில் அம்மா மேஸ்திரியோடு ஒரு தடவை சண்டை போட்டபோது நான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ‘நீங்க நல்லா இருக்க மாட்டீங்க, உங்க வாசல்ல புல்லு மொளைக்கும்’ என்றார் அம்மா, அவ்வளவு அமைதியாக. மேஸ்திரி மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. ஆனால் அதை வைத்து எழுதினால் மறுபடியும் முன்வரிசை சிரிக்கும், லெட்டர் போகும். எனக்கு லெட்டர் வேண்டும். கடைசியில் தலைவர் சொன்னதையே அப்படியே எழுதினேன்:

‘அடே, நீ ஒரு நாய். உன் கண்ணை மூட ஒரு கைகூட இல்லாமல் நாதியற்றுச் சாவாய்.’

எழுதியபின் திருப்பிப் படிக்கவில்லை. எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் முழுக்க விற்றுவிட்டது. சனிக்கிழமை சிரித்த கதை ஊருக்குள் பரவி, சிரிக்கவே நிறையப் பேர் வந்தார்களாம். வேன் தேவைப்படவில்லை. அந்த வரி வந்தது, தட்டினேன். இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். அரங்கத்தில் சத்தமே இல்லை. பிறகு கைதட்டல், கூரைத் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி. பலர் எழுந்து நின்று தட்டினார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு மாமி தன் கணவரைப் பார்த்து, ‘என்னமா திட்டறா பாருங்கோ’ என்று சந்தோஷமாகச் சொன்னாராம். இருதயராஜ் அண்ணன் சொன்னது. இதில் எதையும் கழிக்கவில்லை.

தலைவர் மேடையேறி, ‘மொழிபெயர்ப்பு என்பது ஒரு எழுத்தில் இருக்கிறது’ என்று அரை மணி நேரம் பேசினார். அந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி அடக்கமாக இருந்தார். திங்கட்கிழமை, இன்றைக்குத்தான், காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். அவர் சொல்லச் சொல்ல நானே கடிதத்தை எழுதினேன், கையெழுத்து அவருடையது. இதோ, கசங்கக்கூடாது என்று ஃபைலில் வைத்திருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள்.

‘செல்வி ரேணுப்ரியா ஓர் ஓபராவை முழுமையாகத் தமிழில் மொழிபெயர்த்துள்ளார். தொடக்கத்தில் மரியாதைச் சொற்களில் அவர் செய்த பிழையை நாம் சுட்டிக்காட்டியதும் உடனே திருத்திக்கொண்டார். மிகவும் பணிவானவர்.’

பணிவானவர். சனிக்கிழமை எது பிழையோ அதுவே திங்கட்கிழமை தகுதி. இருந்தாலும் நான் நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ‘முழுமையாக’ என்று போட்டிருக்கிறாரே, சென்னைக்காரர்களுக்கு அதுதானே வேண்டும்.

நியாயமாக இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். விடுதிக்குத் திரும்பினால் சாப்பாட்டு அறையில் சில்வியா மட்டும் இருந்தார், முன்னால் உப்புமா. அவர்கள் குழு மதியம்தான் கிளம்புகிறது. என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். ‘சனிக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நேற்று எழுந்து நின்றார்கள். நான் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் பாடினேன். நீ என்ன செய்தாய்?’

உள்ளதைச் சொன்னேன். தமிழில் ஒருவரைக் கூப்பிட மூன்று வழி இருக்கிறது, முதல் நாள் மரியாதையாக எழுதிவிட்டேன், அது தப்பு, இரண்டாம் நாள் திருத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் உப்புமாவை நகர்த்திவிட்டு, பையிலிருந்து தன்னுடைய பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். பென்சில் கோடுகளாக இருந்தது. எங்கள் மொழியிலும் இரண்டு உண்டு என்றார். மரியாதைக்கு ‘வோய்’. ஒருமைக்கு ‘தூ’.

ஆமாம் அக்கா, தூ தான். நம் ஊரில் துப்பும்போது வருகிற அதே சத்தம்.

சாபம் வருகிற பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். வோய். அடுத்த வரி, வோய். ‘அவள் கத்தினால் அவருக்குப் பழக்கம், வேலைக்காரர்கள் கத்தி அவர் பார்த்திருக்கிறார். மரியாதையாகச் சொன்னதுதான் அவரைக் கொல்லும். இருபது வருடமாக நான் அப்படித்தான் பாடுகிறேன்’ என்றார். பிறகு, ‘உனக்கு இது தெரிந்துதான் எழுதினாயா?’ என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது.

என்ன கேட்கிறீர்கள்? தலைவரிடம் போய்ச் சொன்னேனா என்றா? சொல்லலாம்தான். பயமில்லை. அவர் வீட்டுக் கேட் வரைக்கும் போனேன். உள்ளே விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாப்பிடுகிற நேரத்தில் போய் நிற்பது முறையில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது, அது எனக்கு எப்படித் தெரியும்?

கடிதத்தை இணைக்கத்தான் போகிறேன். இது இல்லாமல் அவர்கள் என் விண்ணப்பத்தைப் பிரிக்கவே மாட்டார்கள். ஆனால் இதில் பிழை என்று எழுதியிருக்கிறது, எழுதியது என் கை. வேலை கொடுக்கிறவர்கள் அதை நம்பிவிடுவார்கள். அதனால் கூடவே இன்னொரு தாளையும் வைக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதினேன். பெறுநர், அனுப்புநர் போட்டிருக்கிறேன், அது பழக்கம். நடுவில் வேண்டுதல் ஏதும் கிடையாது, கணக்கு மட்டும்தான். சில்வியாவிடம் அந்தப் புத்தகத்தை இரண்டு மணி நேரம் கடன் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தேன். பிரபு நெல்லாவை எழுபத்தாறு இடத்தில் அழைக்கிறார், எழுபத்தாறும் ‘தூ’. நெல்லா பிரபுவை நாற்பத்தோரு இடத்தில் அழைக்கிறாள். ஒரு இடத்தில்கூட ‘தூ’ இல்லை. இரண்டு முறை எண்ணினேன்.